ஏற்காடு ஏறும்போது மட்டும் இழுவை போகுது: டர்போ போச்சா, காத்து லீக்கா?

அடிவாரத்து டீசல் (சேலம்):

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 2015 மாடல், 1.5 லிட்டர் டீசல் செடான். 1,31,000 கி.மீ. ஓடியிருக்கு. செகண்ட் ஹேண்டில் வாங்கி மூணு வருஷம் ஆச்சு. எந்தக் கம்பெனின்னு சொல்லலை. சொன்னா பேச்சு முழுக்க அந்தப் பக்கம் திரும்பிடும்.

ஊருக்குள்ள ஓட்டும்போது ஒரு குறையும் தெரியாது. அஞ்சு ரோட்டுல நின்னு கிளம்பினாலும் சரி, கோரிமேட்டுல இருந்து ஆபீஸ் போய் வந்தாலும் சரி, நல்ல வண்டி. வீட்டுல நாலு பேரை ஏத்திக்கிட்டு ஏற்காடு போனாத்தான் வினை. ரெண்டு மூணு கொண்டை ஊசி வரைக்கும் போகும். அதுக்கப்புறம் ரெண்டாவது கியர்ல முழுசா மிதிச்சாலும் சத்தம்தான் ஏறுது, வண்டி ஏறலை. முன்னெல்லாம் 1,800 ஆர்பிஎம் தாண்டினா முதுகு சீட்டுல ஒட்டும். இப்ப பின்னாடி வந்த பைக்காரர் என்னைத் தாண்டிப் போகும்போது மூக்கைப் பொத்திக்கிட்டு ஒரு பார்வை பார்த்துட்டுப் போறார். அவ்வளவு கரும்புகை.

சத்தம் பத்திச் சொல்லணும். குக்கர்ல விசில் விழறதுக்குக் கொஞ்சம் முன்னாடி "ஸ்ஸ்ஸ்"னு ஒண்ணு வருமே, அதே மாதிரி. மிதிச்சா வருது, காலை எடுத்தா நின்னுடுது. ஏசியை அணைச்சு கண்ணாடியை இறக்கினாத்தான் கேக்குது.

ஒன்பதாவது வளைவுல செக் என்ஜின் விளக்கு எரிஞ்சது. அதோட வண்டி படுத்துக்கிச்சு, மாட்டு வண்டி வேகம். ஓரங்கட்டி, சாவியை அணைச்சு மறுபடி போட்டதும் சரியாகி மேல போய்ச் சேர்ந்தோம். என்கிட்ட வண்டிக் கம்ப்யூட்டர்ல விழற கோடைப் படிக்கற சின்ன புளூடூத் ஓபிடி ஸ்கேனர் ஒண்ணு இருக்கு. அதுல பி0299னு காட்டுச்சு.

ஒர்க்‌ஷாப்ல விட்டேன். அவங்களும் ஸ்கேனரை மாட்டி, பத்தே நிமிஷத்துல "டர்போ போச்சு சார், புதுசு போடணும்"னு (டர்போங்கறது என்ஜினுக்குள்ள காத்தை அமுக்கித் தள்ளற விசிறி) சொல்லி, கூலியோட 63,000 ரூபாய்க்கு எழுதிக் கொடுத்துட்டாங்க. "கழட்டிப் பார்த்தீங்களா?"ன்னு கேட்டேன். "கோடே சொல்லுதே சார்"ங்கறார். வெளியில தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தர் எக்ஸாஸ்ட் புகையைக் கொஞ்சம் திருப்பி உள்ள விடற ஈஜிஆர் வால்வைக் கழுவி, ஏர் ஃபில்டரை மாத்தி 2,400 வாங்கினார். ஒரு மாத்தமும் இல்லை.

நானா எடுத்த கணக்கு இது. சாவியைப் போட்டு என்ஜினை ஸ்டார்ட் பண்ணாம பார்த்தா மேப் சென்சார் (என்ஜினுக்குள்ள போற காத்தோட அழுத்தத்தை அளக்கறது) வீட்டுல 98 கிலோபாஸ்கல் காட்டுது, ஏற்காடு ஏரிக்கிட்ட 86. பைபாஸ்ல காலையில அஞ்சரைக்கு, ரோடு காலியா இருக்கும்போது, மூணாவது கியர்ல முழுசா மிதிச்சு தம்பியை விட்டு ரெக்கார்டு பண்ணச் சொன்னேன். 2,000ல 150, 2,500ல 162. அதுக்கு மேல நகரவே மாட்டேங்குது.

என்ஜின் ஆயில் குறையலை, நீலப்புகையும் இல்லை. 63,000 கட்டறதுக்கு முன்னாடி நானே பார்க்கக் கூடியது ஏதாவது இருக்கா?

---

டாப்கியர் மதுரை:

ப்ரோ பி0299ன்னா டர்போ வீக். எங்க மாமா வண்டிக்கும் இதே கோடுதான் வந்துச்சு. செகண்ட் ஹேண்ட் டர்போ பாதி விலைக்குக் கிடைக்கும், அதைப் போட்டுட்டு நிம்மதியா இருங்க. அப்படியே என்ஜின் கம்ப்யூட்டர் செட்டிங்கை மாத்தி ரீமேப்பும் பண்ணிட்டா சும்மா பறக்கும்.

---

பழைய ஸ்பேனர் (கோயம்புத்தூர்):

சேலத்துத் தம்பி, பணத்தைக் கட்டிடாதீங்க. மதுரைத் தம்பி கோவிச்சுக்க வேண்டாம், ஆனா அந்தக் கோடு டர்போ கெட்டுப்போச்சுன்னு சொல்லலைங்க. "நான் கேட்ட காத்தழுத்தம் வந்து சேரலை"ங்குது, அவ்வளவுதான். ஏன் வரலைங்கறது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. மாடித் தொட்டியில தண்ணி ஏறலைன்னா நேரா மோட்டாரைக் கழட்டிடுவீங்களா? நடுவுல பைப்பு விட்டிருந்தாலும் ஏறாதுங்களே.

முதல்ல உங்க நம்பரைப் பார்ப்போம். மேப் காட்டறது மொத்த அழுத்தம். அந்த 162ல 98 சும்மா ஊர்ல நிக்கற காத்து, டர்போ சேர்த்துக் கொடுத்தது 64தான், அதாவது முக்கால் பார் கூட இல்லை. இந்த மாதிரி வண்டியில முழுசா மிதிச்சா ஒரு பாருக்கு மேல எதிர்பார்ப்பேன். ஏற்காட்டுல 86 காட்டினது சென்சார் கோளாறு இல்லீங்க. உசரத்துல காத்து மெலிசு, அவ்வளவுதான்.

கரும்புகை ஏன் வருது? காத்தை அளக்கற சென்சார் ஏர் ஃபில்டருக்குப் பக்கத்துல, டர்போவுக்கு முன்னாடி இருக்கு. அது அளந்து "இவ்வளவு காத்து உள்ள போச்சு"ன்னு கணக்குச் சொல்லிடுது, அதுக்குத் தக்க டீசல் போகுது. காத்து வழியில ஓட்டைல வெளிய போயிடுச்சுன்னு யாருக்கும் தெரியாது. டீசல் மிச்சம், காத்துப் பஞ்சம், அதான் கரி. டர்போவோட சீல் போயிருந்தா ஆயில் எரிஞ்சு நீலப்புகை வந்திருக்கும், டிப் ஸ்டிக்ல அளவு இறங்கியிருக்கும். உங்களுக்கு ரெண்டும் இல்லை. மிதிக்கும்போது மட்டும் "ஸ்ஸ்ஸ்". இதைக் கேட்டதுமே எனக்குப் பாதி முடிவு ஆயிடுச்சு.

ஊருக்குள்ள ஏன் தெரியலை? அங்க நீங்க பாதிக்கு மேல மிதிக்கறதே இல்லை. ரப்பர் ஹோஸ்ல விழற கீறல் பிளேடு பட்ட டியூப் மாதிரி, காத்து கம்மியா இருக்கறப்ப வாயை மூடிக்கும். அழுத்தம் ஏறினதும் ஹோஸ் உப்பும், கீறல் திறக்கும். அதனாலதான் பானட்டைத் திறந்து வெச்சு ஐடில்ல காதைக் கொடுத்துக் கேக்கறவங்களுக்கு ஒண்ணும் கிடைக்காது. அதுலயும் மலையில ரெட்டை வேலை. மெலிஞ்ச காத்தை அதே அழுத்தத்துக்குக் கொண்டு வர டர்போ இன்னும் வேகமாச் சுத்தணும், ஓட்டைல போறதை ஈடு கட்டவும் சுத்தணும். சின்ன கார் டர்போ நல்லா இருக்கறப்பவே நிமிஷத்துக்கு ஒன்றரை லட்சம் சுத்துக்கு மேல போகுமுங்க. லீக்கோட ரொம்ப நாள் மலை ஏறினீங்கன்னா ஒர்க்‌ஷாப்காரர் சொன்னது நிஜமாவே ஆயிடும்.

இப்ப வேலைக்கு வருவோம். என்ஜின் நல்லா ஆறினப்புறம் டர்போவுக்குக் காத்து வர்ற ஹோஸைக் கழட்டி, விசிறியோட நடு நட்டை ரெண்டு விரல்ல பிடிச்சு ஆட்டுங்க. பக்கவாட்டுல துளி ஆட்டம் இருக்கத்தான் செய்யும், ஆயில் இல்லாம நிக்கற பேரிங் அப்படித்தான். முன்னும் பின்னும் இழுத்தா கையில ஆட்டம் தெரியக் கூடாது. இலைகள் ஓரத்துல உரசின தடம் இருக்கக் கூடாது. இது ரெண்டும் சரின்னா டர்போவை விட்டுடுங்க.

அடுத்தது கண்ணு வேலை. டார்ச் எடுத்து டர்போல இருந்து இன்டர்கூலருக்கு (டர்போல சூடான காத்தை ஆத்தற ரேடியேட்டர் மாதிரி ஒண்ணு), இன்டர்கூலர்ல இருந்து என்ஜினுக்குன்னு ரெண்டு வழியையும் விரலால தடவிக்கிட்டே போங்க. ஹோஸுக்குள்ள லேசா ஆயில் பூச்சு இருக்கறது சகஜம், என்ஜின் பிரீதர்ல இருந்து வர்ற ஆவி அது. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அதே ஆயில் வெளியில ஈரமா இருந்து, மேல புழுதி அப்பி கறுப்புக் களிம்பா இருந்தா, காத்து அங்கதான் வெளிய வருது. இன்டர்கூலர்ல அலுமினியமும் பிளாஸ்டிக் மூடியும் மடிச்சுப் பிடிச்சிருக்கற விளிம்பையும் பாருங்க. டர்போ அழுத்தத்தைக் கட்டுப்படுத்தற ஆக்சுவேட்டருக்குப் போற பென்சில் மொத்தத்து வேக்குவம் டியூபையும் பாருங்க, அது எலிக்கு ரொம்பப் பிடிச்ச பலகாரம். அதுல வெடிப்பு இருந்தாலும் இதே கோடு வரும், ஆனா "ஸ்ஸ்ஸ்" வராது.

கண்ணுக்கு எதுவும் படலைன்னா காத்தடிச்சுத்தான் பார்க்கணும். எங்க பட்டறைல நாங்க பண்றது இதுதான். டர்போல இருந்து வெளிய வர்ற ஹோஸை டர்போ பக்கத்துல கழட்டுங்க. உள்ளளவை வெர்னியர்ல அளந்துக்கிட்டு, பிளம்பிங் கடையில அதுக்குப் பொருந்தற பிவிசி பைப் துண்டும் எண்ட் கேப்பும் வாங்கிக்குங்க. கேப் நடுவுல 11.5 மி.மீ. துளை போட்டு டியூப்லெஸ் டயர் வால்வு ஒண்ணை இழுத்து மாட்டுங்க. பைப்பும் கேப்பும் சால்வென்ட் வெச்சு ஒட்டி ஒரு நாள் காயட்டும். ஹோஸுக்குள்ள பைப்பைச் சொருகி கிளிப்பை நல்லா முடுக்குங்க. என்ஜின் ஆயில் மூடியைத் திறந்து வெச்சுடுங்க, பிஸ்டன் ரிங் வழியா கொஞ்சம் காத்து கீழ இறங்கும், அது அங்க சேர்ந்து ஆயில் சீலைத் தள்ளக் கூடாது. அப்புறம் ரெகுலேட்டர் இருக்கற கம்ப்ரஸர்ல முதல்ல 5 பிஎஸ்ஐ, அப்புறம் 10, கடைசியா 15. அதுக்கு மேல வேண்டாம். ஸ்ப்ரே பாட்டில்ல சோப்புத் தண்ணி. நுரை எங்க பூக்குதோ அங்க லீக்.

டர்போவுக்கு முன்னாடி இருந்து அடிச்சா டர்போ இணைப்பையும் சேர்த்துப் பார்க்கலாம்தான். ஆனா பிரீதர் ஹோஸ் அங்க வந்து சேருது, அதைக் கழட்டி அடைக்காம அடிச்சா மொத்தக் காத்தும் என்ஜின் வயித்துக்குள்ள போயிடும். முதல் தடவை பண்றவங்களுக்கு வேண்டாம். டர்போ வாய் இணைப்பை மட்டும் கண்ணால பார்த்துக்குங்க.

ஒரே ஒரு எச்சரிக்கை. 50 மி.மீ. ஹோஸ்னா வாய்ப் பரப்பு கிட்டத்தட்ட 20 சதுர சென்டிமீட்டர். 15 பிஎஸ்ஐல அந்தக் கேப்பை 20 கிலோ பலத்துல காத்து தள்ளிக்கிட்டு இருக்கும். நேரா முன்னாடி மூஞ்சியை வெச்சுக்கிட்டு உக்காராதீங்க. பஞ்சர் கடை டேங்க்ல நூறு பிஎஸ்ஐக்கு மேல நிக்கும், ரெகுலேட்டர் இல்லாம ஒரு அழுத்து அழுத்தினா இன்டர்கூலரே பிளந்துடும்.

எக்ஸாஸ்ட் பக்கம் காத்து சத்தம் கேட்டா கிராங்க் போல்ட்ல ஸ்பேனர் போட்டு என்ஜினைக் கால் சுத்து சுத்திப் பாருங்க, வால்வு திறந்து நின்னிருக்கலாம். எங்க நிறுத்தினாலும் எக்ஸாஸ்ட்ல வந்துக்கிட்டே இருந்தா ஈஜிஆர் வால்வு மூடலைன்னு அர்த்தம்.

---

பத்து வீல் நாமக்கல்:

ஸ்பேனர் அண்ணன் சொன்னதுக்கு மேல நான் சொல்ல ஒண்ணுமில்ல. லாரியில இந்த வியாதியை டிரைவர் பையனே சொல்லிடுவான். இன்டர்கூலர் ஹோஸ் போச்சுன்னா "படார்"னு ஒரு சத்தம், அப்புறம் கண்ணாடியில பார்த்தா பின்னாடி வர்ற வண்டியே தெரியாது, அவ்வளவு புகை. கார்ல சின்னதா கசியறதுதான் ஏமாத்து வேலை.

நடு ரோட்டுல மாட்டிக்கிட்டா என்ன பண்றதுன்னு யாராவது கேப்பீங்க. தொப்பூர் ஏத்தத்துல ராத்திரி ரெண்டு மணிக்கு எனக்கு ஹோஸ் கிழிஞ்சது. ஆயிலை டீசல் துணியால தொடைச்சு, அப்புறம் காஞ்ச துணியால தொடைச்சு, பழைய சைக்கிள் டியூபை நீளவாக்குல வெட்டி நல்லா இழுத்து இழுத்து சுத்தி, மேல ரெண்டு கிளிப். அரை மிதிலயே நாமக்கல் வந்து சேர்ந்தேன். எம்சீல், ஒட்டுற டேப்பெல்லாம் ஆயில் பட்ட ரப்பர்ல நிக்காது. இதையே வைத்தியம்னு நினைச்சு ஆறு மாசம் ஓட்டக் கூடாது, அது வேற கதை.

---

அடிவாரத்து டீசல்:

ஸ்பேனர் அண்ணா, ரொம்ப நன்றி. ரெண்டு ஞாயித்துக்கிழமை போச்சு, சொல்றேன் கேளுங்க.

டர்போவை ஆட்டிப் பார்த்தேன். பக்கவாட்டுல துளி, முன்பின் ஒண்ணுமில்லை. இலையெல்லாம் புதுசு மாதிரி இருக்கு. அப்பவே 63,000 ரூபாயை மனசுக்குள்ள பேங்க்ல திரும்பப் போட்டுட்டேன்.

கண்ணால பார்த்ததுல ஒரு இடம் சிக்குச்சு. இன்டர்கூலர்ல இருந்து என்ஜினுக்கு வர்ற ஹோஸ், என்ஜின் பக்க முனை. நீங்க சொன்ன அதே கறுப்புக் களிம்பு. கிளிப் ஸ்குரூ ஒண்ணரை சுத்து முடுங்கினது. "ஆச்சு, அவ்வளவுதான்"னு சந்தோஷமா பைபாஸ் போனேன். 2,500ல 171. ஒன்பது ஏறியிருக்கு. "ஸ்ஸ்ஸ்" அப்படியேதான்.

அடுத்த வாரம் கேப் செஞ்சேன். என் ஹோஸ் உள்ளளவு 50, அதே அளவு பிவிசி நேராப் போய் உக்காந்தது. கேப், வால்வு, சால்வென்ட் எல்லாம் சேர்த்து 160 ரூபாய். எங்க தெரு முனை பஞ்சர் கடைக்காரர் ரெகுலேட்டரோட கம்ப்ரஸர் வெச்சிருக்கார். "காருக்கு எங்கப்பா வால்வு?"ன்னு சிரிச்சார். அப்புறம் கடையை விட்டுட்டு அவரே வந்து பக்கத்துல நின்னுக்கிட்டார்.

5ல சத்தமே இல்லை. முடுக்கின கிளிப்ல நுரையும் இல்லை. 10ல எங்கயோ மெல்லிசா கேக்குது, எங்கன்னு தெரியலை. ஆயில் மூடி வாயில கொஞ்சம் காத்து வந்தது, அது நீங்க சொன்னதுதான்னு விட்டுட்டேன். 14 வந்ததும் அதே குக்கர் சத்தம், பம்பருக்குக் கீழ இருந்து! படுத்துப் பார்த்தா டர்போல இருந்து இன்டர்கூலருக்குப் போற ஹோஸோட கீழ் வளைவு. அங்க சூடு தாங்க ஒரு துணி உறை போட்டிருக்காங்க. சோப்புத் தண்ணி அடிச்சா அந்த உறை முழுக்க ஷேவிங் கிரீம் மாதிரி நுரை பூத்து வழியுது. ஒரே இடத்துல வரலை, உறை பூரா பரவி வருது. உறையை வெட்டி எடுத்தேன். உள்ள, ரோட்டைப் பார்த்த பக்கத்துல, சுண்டு விரல் நீளத்துக்கு ஒரு கோடு. காத்தை இறக்கினதும் அந்தக் கோடு காணாமப் போயிடுது. கையில வெச்சு ரெண்டு கையாலயும் மடக்கினாத்தான் வாயைத் திறக்குது. இதை எந்த ஒர்க்‌ஷாப்ல யார் எத்தனை டார்ச் அடிச்சாலும் பார்த்திருக்க முடியாது. பஞ்சர் கடைக்காரர் சொன்னதுதான் அருமை: "டியூப்ல இருந்தா தொட்டித் தண்ணியில முக்கி அரை நிமிஷத்துல சொல்லியிருப்பேனே தம்பி!"

கீறலைச் சுத்தி ரப்பர் மெத்துன்னு ஊறிப் போய் இருக்கு. நகத்தால அழுத்தினா பள்ளம் விழுந்து நிக்குது.

இப்ப ஒரு கேள்வி. ஒரிஜினல் ஹோஸ் 2,650ங்கறாங்க, நாலு நாள் ஆகும். ஆன்லைன்ல கலர் கலரா சிலிக்கான் ஹோஸ் 900க்குக் கிடைக்குது. எதை வாங்கறது?

---

பழைய ஸ்பேனர்:

சபாஷ் தம்பி. கிளிப்பைப் பார்த்ததும் நிறுத்தாம அடுத்ததையும் தேடினீங்க பாருங்க, அங்கதான் நிறையப் பேர் கோட்டை விடறாங்க. ஒரு லீக் இருக்கற வண்டியில இன்னொண்ணு இருக்கத்தான் செய்யும், எல்லா ரப்பருக்கும் ஒரே வயசுதானுங்களே.

ரப்பர் மெத்துன்னு ஆனது ஆயில் ஊறினதால. பிரீதர் ஆவி கொஞ்சம் கொஞ்சமா வந்து வளைவுல தேங்கும். கீழ் வளைவு எப்பவும் ஆயில்ல குளிச்சுக்கிட்டே இருக்கும், அதுதான் முதல்ல போகும். அதனாலதான் 900 ரூபாய் சிலிக்கான் வேண்டாம்ங்கறேன். சூட்டுக்கு சிலிக்கான் ராஜா, ஆயிலுக்கு அது எதிரி. உள்பக்கம் ஃப்ளூரோ பூச்சு இருக்கற சிலிக்கான்னா தாராளமாப் போடலாம், ஆனா அந்த விலைக்கு அது கிடைக்காது. பூச்சு இல்லாததுல ஆயில் ஊறி வெளிப்பக்கம் வியர்த்து வழியும், அப்புறம் முனையில வழுக்கி கிளிப்பை விட்டே கழண்டு வந்துடும். நாலு நாள் காத்திருந்து ஒரிஜினலே போடுங்க.

மாட்டும்போது ரெண்டு பக்கக் குழாய் முனையையும் பிரேக் கிளீனர் அடிச்சு ஆயில் துளி இல்லாம தொடைங்க. ஹோஸ் சுலபமா ஏறணும்னு யாராவது கிரீஸ் தடவச் சொன்னா காதுல வாங்காதீங்க. குழாய் முனையில மேடா ஒரு வளையம் இருக்கும், கிளிப் அந்த மேட்டுக்கு உள்பக்கம் உக்காரணும். மேட்டு மேலயே உக்காந்தா ஒரு மாசத்துல வழுக்கிடும். இன்டர்கூலரைக் கழட்டற வாய்ப்பு இருந்தா அதையும் கவுத்து வெச்சு தேங்கின ஆயிலை வடிச்சுடுங்க. இல்லைன்னா புது ஹோஸும் அதே குளியல்தான்.

2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பிஎஸ்6 டீசல் வெச்சிருக்கறவங்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்குக் கரும்புகைங்கற அடையாளமே கிடைக்காது. கரி மொத்தமும் டிபிஎஃப் ஃபில்டர்ல போய் அடைஞ்சுக்கும். வண்டி அடிக்கடி ரீஜெனரேஷன் (அந்தக் கரியை எரிச்சு ஃபில்டரைச் சுத்தம் பண்றது) பண்ண ஆரம்பிச்சா, ஃபில்டரைத் திட்டறதுக்கு முன்னாடி ஹோஸைப் பாருங்க.

---

போரூர் பெட்ரோல்:

சார், குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். எனக்கு 1 லிட்டர் டர்போ பெட்ரோல். ஐடில்ல வண்டி ஏறி இறங்கி ஆடுது, சில நேரம் விசில் மாதிரி ஒரு சத்தம். ஃபியூயல் ட்ரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கற சதவீதம்) ஐடில்ல பிளஸ் 18, ஹைவேல போனா பிளஸ் 3, 4. இழுவை நல்லாத்தான் இருக்கு. இதுவும் பூஸ்ட் (டர்போ கொடுக்கற காத்தழுத்தம்) லீக்கா?

---

பழைய ஸ்பேனர்:

பெட்ரோல்ல கதை கொஞ்சம் வேற சார். டீசல் மாதிரி இல்லாம, ஐடில்ல த்ராட்டில் (காத்து வழியைத் திறந்து மூடற தகடு) மூடியிருக்கும், அதுக்குப் பின்னாடி உறிஞ்சல். அங்க ஓட்டை இருந்தா காத்து வெளிய போகாது, கணக்குல வராம உள்ள வரும். அதைச் சரிக்கட்ட கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும், அதான் உங்க பிளஸ் 18. வேகத்துல போறப்ப காத்து நிறைய வருது, அந்தத் திருட்டுக் காத்து அதுல கரைஞ்சு போயிடும், அதான் பிளஸ் 3.

ஓட்டை எந்த இடத்துலன்னு ட்ரிம்மே ஓரளவு சொல்லும், வண்டியில காத்தளவு சென்சார் இருக்கணும். அந்த சென்சாருக்கும் டர்போவுக்கும் நடுவுல ஓட்டைன்னா அங்க எப்பவும் உறிஞ்சல்தான், அதனால எந்த வேகத்துலயும் பிளஸ் பக்கமே நிக்கும். டர்போவுக்கும் த்ராட்டிலுக்கும் நடுவுலன்னா ஐடில்ல பெருசா தெரியாது, பூஸ்ட் ஏறினா மைனஸுக்குப் போகும், பெட்ரோல் வாடை அடிக்கும். த்ராட்டிலுக்குப் பின்னாடின்னா ஐடில்ல பிளஸ். உங்களுது இந்தக் கடைசி வகை மாதிரி இருக்கு. வண்டி மேப் சென்சாரை மட்டும் வெச்சு ஓடற வகைன்னா இந்தக் கணக்கு செல்லாது, உள்ள வந்த காத்து எந்த வழியா வந்தாலும் அது அளந்துடும்.

விசிலும் சேர்ந்து வர்றதால முதல்ல ஒரு சின்னப் பரிசோதனை. ஐடில்ல ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து பாருங்க. உள்ள இருந்து யாரோ இழுத்துப் பிடிச்ச மாதிரி வர மறுத்து, வந்ததும் சத்தம் மாறினா என்ஜின் வயித்து ஆவியைத் திருப்பி உள்ள விடற பிசிவி வால்வோட ரப்பர் சவ்வு கிழிஞ்சிருக்கு. அதுதான் அதிகம் பார்த்திருக்கேன். அது இல்லைன்னா மேனிஃபோல்டு கேஸ்கெட், பிரேக் பூஸ்டருக்குப் போற ஹோஸ். யூடியூப்ல சூடான என்ஜின் மேல கார்ப் கிளீனர் அடிச்சு லீக் தேடறதைப் பார்த்திருப்பீங்க, அதைப் பண்ணாதீங்க. எக்ஸாஸ்ட் மேல ஒரு துளி பட்டா பத்திக்கும். புகை அடிச்சுப் பார்க்கற மிஷின் இருக்கற பட்டறையாத் தேடுங்க, பத்து நிமிஷ வேலை.

---

போரூர் பெட்ரோல்:

ஆயில் மூடி வரவே இல்லை சார், ரெண்டு கையாலயும் திருகித்தான் எடுத்தேன். எடுத்ததும் வண்டி அணைஞ்சே போச்சு! நாளைக்கே பிசிவி பார்க்கச் சொல்றேன்.

---

அடிவாரத்து டீசல்:

ஹோஸ் வந்தது, சனிக்கிழமை மாட்டினேன். முன் பம்பர் கழட்டத்தான் உயிர் போச்சு, ஒரு கிளிப் உடைஞ்சது. இன்டர்கூலரைக் கவுத்தேன், டீ டம்ளர்ல கால் டம்ளர் ஆயில் வடிஞ்சது. குழாய் முனை துடைச்சு, மேட்டுக்கு உள்பக்கம் கிளிப் உக்கார வெச்சு, மறுபடி கேப் போட்டு 15க்கு ஏத்தினோம். நுரை எங்கயும் இல்லை. காத்தை நிறுத்தினா முள்ளு மெதுவா இறங்குது, ஆயில் மூடி வாயில மட்டும் மூச்சு மாதிரி வருது.

பைபாஸ் கணக்கு: சாவி போட்டா அதே 98. மூணாவது கியர், 2,000ல 204, 2,500ல 231. தம்பி போனைப் பார்த்துக்கிட்டே "அண்ணா, போதும் போதும்"ங்கறான்.

நேத்து ஏற்காடு. அதே நாலு பேர், அதே பை, கூடவே அம்மா கட்டின புளிசாதம். இருபது வளைவும் ரெண்டாவது, மூணாவது கியர்லயே ஏறிட்டேன். கண்ணாடியை இறக்கி வெச்சுக்கிட்டே போனேன், குக்கர் சத்தம் இல்லை. கோடும் வரலை. ஒன்பதாவது வளைவு வந்தப்ப மட்டும் எல்லாரும் பேச்சை நிறுத்திட்டு மீட்டரையே பார்த்தோம்.

மொத்தச் செலவு: ஹோஸ் 2,650, கேப் சமாச்சாரம் 160, பிரேக் கிளீனர் 280, உடைஞ்ச பம்பர் கிளிப் 40. பஞ்சர் கடைக்காரர் காசு வாங்க மாட்டேன்னுட்டார். அந்த கேப்பை மட்டும் கேட்டு வாங்கி கடையில ஆணியில மாட்டி வெச்சிருக்கார்.

---

பழைய ஸ்பேனர்:

231 போதுமுங்க, ஆரோக்கியமான நம்பர். அந்தப் பழைய ஹோஸைத் தூக்கிப் போடாம எனக்கு ஒரு பார்சல் போட முடியுமா? பட்டறைல புதுசா ரெண்டு பசங்க வந்திருக்காங்க, மடக்கினா திறக்கற அந்தக் கோட்டைக் கையில கொடுத்துக் காட்டணும். பார்சல் காசு நான் கொடுத்துடறேன்.

---

அடிவாரத்து டீசல்:

காசெல்லாம் வேண்டாம் அண்ணா. நேத்து மலையில வாங்கின மிளகு கால் கிலோ இருக்கு, அதையும் சேர்த்தே அனுப்பறேன். ஹோஸ்ல ஆயில் வாடை அடிக்குது, மிளகைத் தனியாக் கட்டச் சொல்றேன்.

---

பழைய ஸ்பேனர்:

மிளகுக்கு வீட்டுல இருந்து நன்றி சொல்லச் சொன்னாங்க. புது ரப்பர் சூட்டுல ஒரு தடவை அமுங்கி உக்காரும். ஆயிரம் கிலோமீட்டர் ஓடினதும் அந்த ரெண்டு கிளிப்பையும் மறுபடி ஒரு கால் சுத்து பாருங்க.